சென்னைக்குக் குடிபோவதற்கு முன்னால்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான். நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். கணவர் துபாயில் எலக்ட்ரீஷியன். திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை, சென்னை என்று ஆறு இடத்தில் காட்டிவிட்டோம். இப்போது வாரம் இரண்டு நாள் திருநெல்வேலியில் ஒரு தனியார் சென்டருக்கு பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். சென்டரில் 45 நிமிடம் உள்ளே வைத்துக்கொள்வார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மாதம் பதினோராயிரம் ஆகிறது. மாமியார், “அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், சும்மா அலையாத” என்கிறார். கொழுந்தன் ஸ்டெம்செல் சிகிச்சைக்கு மூன்று லட்சம் ஆகும், செய்துவிடலாம் என்கிறார். ஒன்றரை வயதில் போட்ட ஊசிதான் காரணம் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னதிலிருந்து ஊசி போடவும் பயமாக இருக்கிறது. வயலை விற்றுச் சென்னைக்கே குடிபோய்விடலாமா? அரசு ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் ஏதாவது இருக்கிறதா? ஊனச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள், அது அவனுக்கு முத்திரை குத்தினதுபோல் ஆகிவிடாதா? இதற்கு நடுவில் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவானா? ரயில் சத்தம் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்து என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுப்பான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு இடம், மூன்று லட்சம், வயல் என்று உங்கள் கடிதத்தில் பெரிய விஷயங்கள் நிறைய. ஆனால் என் கண் நின்றது அந்த பெஞ்சில்தான். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே உங்கள் மகன், வெளியே நீங்கள். 45 நிமிடம் கழித்துக் கதவு திறக்கிறது. “இன்னைக்கு நல்லா கோஆபரேட் பண்ணான்” என்று ஒரு வரி சொல்லிக் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எட்டு மாதமாகத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தூங்கும் நேரம் போக உங்கள் மகன் வாரத்துக்குச் சுமார் தொண்ணூறு மணி நேரம் விழித்திருக்கிறான். தெரபிஸ்ட் கையில் இருப்பது அதில் ஒன்றரை மணி நேரம். மீதி எண்பத்தெட்டரை மணி நேரம் உங்கள் வீட்டில், உங்கள் மாமியார் மடியில், திண்ணையில், கிணற்றடியில். பைக்கை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதுபோல் தெரபியை நடத்தினால், எந்த ஊரில் நடத்தினாலும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருப்போம். சென்னைக்குப் போனால் அது மூன்று மணி நேரம் ஆகலாம். அவ்வளவுதான்.

தெரபிஸ்டின் முக்கிய வேலை உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. இது காசில்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. பெரிய நிபுணர்கள் யாரும் அந்த வீடுகளுக்குப் போகவில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள்தான் போனார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, சேர்ந்து பார்த்து, இந்த இடத்தில் கொஞ்சம் காத்திருங்கள், இந்த இடத்தில் அவன் பார்ப்பதையே நீங்களும் பாருங்கள் என்று பன்னிரண்டு அமர்வுகளில் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுப்பதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின. ஆட்டிசம் போய்விட்டதா என்றால் இல்லை. இப்படி இரண்டு படி ஏறியதைத்தான் இந்தத் துறையில் நாங்கள் பலன் என்று சொல்கிறோம்.

அதனால் அடுத்த முறை போகும்போது உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். “அம்மாவைப் பார்த்தால் அழுகிறான், வேலை நடக்காது” என்பார்கள். முதல் சில நாளைக்கு அது நியாயம்தான். எட்டு மாதம் கழித்தும் அதையே சொன்னால் நியாயமில்லை. கடைசிப் பத்து நிமிடமாவது உங்களை வைத்துக்கொண்டு செய்யட்டும். இந்த வாரம் அவனுக்கு எதைப் பழக்குகிறீர்கள், வீட்டில் அதை எப்போது எப்படிச் செய்யணும், சரியாக வருகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்ளணும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்லாத சென்டர் என்றால், ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும், சுவரில் எத்தனை கார்ட்டூன் ஒட்டியிருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்வது என்றால் நாள் முழுக்க டீச்சராக இருக்கச் சொல்லவில்லை. அப்படி இருந்தால் மூன்று மாதத்தில் நீங்கள் படுத்துவிடுவீர்கள். ஏற்கெனவே செய்கிற வேலைக்குள்ளேயே இதை நுழைக்க வேண்டும். அவனுக்கு முறுக்கு பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்காமலே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நாளையிலிருந்து முறுக்கை உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடி அவன் முன்னால் வையுங்கள். எதிரே, அவன் முகத்துக்கு நேராக உங்கள் முகம் வரும்படி தரையில் உட்காருங்கள். பேசாதீர்கள். இதுதான் கஷ்டம், நம் வீடுகளில் யாரும் பேசாமல் இருக்க மாட்டோம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். டப்பாவைத் தட்டுவான், சிணுங்குவான், உங்கள் கையை எடுத்து மூடிமேல் வைப்பான். ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்த்தாலும் போதும், உடனே “தா” என்று ஒரே வார்த்தை சொல்லித் திறந்து ஒரு துண்டு கொடுங்கள், முழு முறுக்கு வேண்டாம். திரும்ப மூடுங்கள். ஒரு முறுக்கில் ஆறு தடவை நடக்கும். பாலைவனத்தில் தண்ணீர் கொடுக்காமல் நிற்பதுபோல் இழுத்தடிக்கவும் கூடாது. அழ ஆரம்பித்தால் கொடுத்துவிடுங்கள், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகக் கொடுங்கள். குளிக்கும்போது ஒரு செம்பு ஊற்றிவிட்டு நிறுத்துவது, ஊஞ்சலை ஆட்டிவிட்டுப் பிடித்துக்கொள்வது, மாமியார் பாடும் பாட்டில் கடைசி வார்த்தையை விட்டுவிட்டுக் காத்திருப்பது எல்லாம் இதே கதைதான்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. தாமதமாகப் பேசுகிற குழந்தைகள் உண்டு. ஆனால் பெயர் சொன்னால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, விளையாட்டில் ஆளைத் தேடாதது எல்லாம் பேச்சுத் தாமதத்தில் அடங்காது. அதில் அவர் சொல்வது தவறு. “சும்மா அலையாத” என்று சொன்னாரே, அதில் அவர் பக்கம் நான். ஒரு முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து சொன்னால் அது மருமகள் பேச்சு. டாக்டர் வாயால் கேட்டால் வேறு.

இப்போது அந்த ஆறு இடம். ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனில் தெரியாது. குழந்தையைக் கவனித்து, உங்களிடம் கேட்டு, அளவுகோலில் குறித்துத்தான் சொல்ல முடியும். வலிப்பு சந்தேகம் போன்ற காரணம் இருந்தாலொழிய எம்ஆர்ஐ, ஈஈஜி எடுத்து வைப்பதில் பயனில்லை. ஆறு பேரும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்றால் ஏழாவது ஆளிடம் கேட்கப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டிய ஒன்று கேட்கும் திறன் பரிசோதனை. தூங்கவைத்துச் செய்கிற ‘பெரா’ டெஸ்ட் என்பார்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் அது எங்கேயும் இல்லை. ஹாரனுக்கு அலறுகிறான், ரயில் சத்தத்துக்கு ஓடுகிறான், காது கேட்கத்தான் செய்கிறது என்று விட்டிருக்கலாம். பெரிய சத்தம் கேட்டுப் பேச்சு ஒலிகள் சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. இந்த மாதமே செய்துவிடுங்கள்.

அப்புறம், ஒரே ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பேர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கக்கூடிய தூரத்தில், உங்களைப் பத்து நிமிடம் பேசவிடுகிற ஒருவர் போதும். உங்கள் ஃபைல் எவ்வளவு தடி என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஓ.பி.யில் அதைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு மேலே ஒரே ஒரு தாள் வையுங்கள். பிறந்த தேதி, பிரசவத்தில் நடந்தது, எந்த மாதம் என்ன செய்தான், எந்தெந்தப் பரிசோதனை எப்போது, இப்போது கொடுக்கும் மருந்து, இப்போது உங்களுக்கு இருக்கிற ஒரே பெரிய தொல்லை எது என்று அதில் இருக்கட்டும். போனில் ஒரு நிமிட வீடியோ இரண்டு, வீட்டில் இயல்பாக இருப்பது ஒன்று, அடம்பிடிப்பது ஒன்று. புது அறையில் பயந்துபோய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தையைவிட அந்த வீடியோ எங்களுக்கு நிறையச் சொல்லும்.

அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ‘ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்’ வந்தது. ஆஸ்பத்திரிக்குள் டி.ஈ.ஐ.சி. என்றால்தான் வழி சொல்வார்கள். அதே திட்டத்தில்தான் ஒரு மருத்துவக் குழு வேனில் அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் வரிசை கொஞ்சம் சுலபம். இல்லாவிட்டாலும் நேராகப் போகலாம். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் போய்க் கேளுங்கள். பல மையங்களில் குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். காசு கிடையாது. திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் அள்ளும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இந்த மையங்களில் ஆள் குறைவு, ஒப்பந்தப் பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அடுத்த தேதி தள்ளி வரும். அதனால் என் ஆலோசனை இரண்டையும் கலப்பது. மதிப்பீடு, காது பரிசோதனை, சான்றிதழ், சத்துக்குறைவு பார்ப்பது எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில். தனியாரில் ஒரே ஒரு தெரபி, வாரம் ஒரு நாள், நீங்கள் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்படி. செலவு பாதியாகும், கற்றுக்கொள்வது இரண்டு மடங்காகும்.

இன்னொன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியை ஒட்டி ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வளர்ச்சியில் பின்தங்கிய சின்னக் குழந்தைகளின் வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டைப் பல வருடமாகச் செய்கிறார்கள். உங்கள் ஊர்வரை ஆள் வருமா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நீங்கள் சென்னைவரை போய்த் தேடியது ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கலாம்.

பஸ்ஸை விடுங்கள். திருநெல்வேலி–செங்கோட்டை பாசஞ்சர் ரயில் அம்பாசமுத்திரத்தில் நிற்கிறது. ரயில் என்றால் உயிரை விடுகிற பிள்ளையை ஹாரன் அடிக்கிற பஸ்ஸில் ஏற்றி, அழவைத்துக் களைப்பாக்கி, அந்தக் களைப்போடு தெரபிக்கு உட்காரவைக்கிறோம். ரயில் நேரத்துக்குத் தோதாக நேரம் மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். காசு கொடுக்கிறவர் நீங்கள்.

சான்றிதழுக்கு வருவோம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி வகையாக இருக்கிறது. அரசு மருத்துவக் குழு ‘ஐசா’ என்கிற இந்திய அளவுகோலை வைத்து மதிப்பிடும். 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். கூட்டி 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. தாளில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’ என்று எழுதியிருக்கும். இந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரிந்தால் நானே போய்ச் சண்டை போடுவேன். உங்கள் மகன் புற உலகத்தில் ரயிலைப் பற்றி உங்களைவிட நன்றாகச் சிந்திக்கிறான். பெயரைப் பார்த்துக் கலங்காதீர்கள், அது அலுவலகத் தமிழ்.

இந்த வயதில் காலவரம்பு வைத்துத்தான் சான்றிதழ் தருவார்கள், பிறகு மறுபடி மதிப்பிடுவார்கள். வாழ்க்கைக்கும் ஒட்டிய முத்திரை கிடையாது. பீரோவில் இருக்கும், கேட்கிற இடத்தில் மட்டும் காட்டுவீர்கள். காட்டினால் என்ன கிடைக்கும் என்றால், முதலில் ‘நிராமயா’ காப்பீடு. 1999ஆம் வருடச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடம் ஒரு லட்சம் ரூபாய்வரை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்றில்லை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அதனால் இன்றைக்கே அந்த சென்டரில் சீல் போட்ட பில் கேட்கத் தொடங்குங்கள். வெள்ளைத்தாளில் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். மாத உதவித்தொகைக்கு உங்கள் மகன் வருவானா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கும் அந்தத் தாள் உதவும். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று தாளில் இருந்தால் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, இலவசமாகப் படிப்பது அவன் உரிமை. பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இதற்கென்று சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆறு வயதுவரை காத்திருக்காமல் இப்போதே அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், முதலில் ஒரு மணி நேரம். மற்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் வரிசை, பந்தி, கைகழுவல் எல்லாம் வரும்.

நாத்தனார் கல்யாணம் பற்றி எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. சான்றிதழ் இல்லாவிட்டாலும் உங்கள் மகன் வீட்டில்தானே இருக்கிறான்? பெண் பார்க்க வருகிறவர்கள் அவனைப் பார்க்கத்தான் போகிறார்கள். அந்தப் பெண்ணிடமே கேளுங்களேன். பெரியவர்கள் பயப்படுகிற அளவுக்கு இந்தப் பிள்ளைகளின் அத்தைமார் பயப்படுவதை நான் பார்த்ததில்லை.

ஸ்டெம்செல் வேண்டாம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022இலேயே சொல்லிவிட்டது. ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சி நடத்துகிறவர்தான் செலவு செய்ய வேண்டும், உங்களிடம் மூன்று லட்சம் கேட்க மாட்டார்கள். கொழுந்தன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அவரிடம் அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு உங்கள் வாசலில் ஊஞ்சலும், கொல்லையில் வேலியும் போட்டுத்தரச் சொல்லுங்கள். உலோக நச்சை நீக்குகிறேன், ஆக்சிஜன் அறையில் படுக்கவைக்கிறேன் என்று வருகிறவர்களும் இதே வரிசை.

ஊசி விஷயம் சீக்கிரம் முடித்துவிடலாம். 1998இல் லண்டன் டாக்டர் ஒருவர் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கிய புரளி அது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றரை வயது, ஊசி போடுகிற வயது. பேச்சு வரவில்லை என்று வீட்டில் கவனிக்கத் தொடங்குகிற வயதும் அதுதான். விட்டுப்போன ஊசி இருந்தால் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்னுடைய தவறு. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். பேச்சில்லை. இரண்டு வாரமாகக் கன்னத்தில் படார் படார் என்று அறைந்துகொள்கிறான், ராத்திரி தூங்குவதில்லை. ஆட்டிசத்தில் இது வருவதுதான் என்று நான் நடத்தையைச் சமாளிக்கும் வழிகளைச் சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்கள். கன்னம் கன்றியிருந்தது. அவனுடைய பாட்டிதான், “டாக்டரம்மா, இந்தப் பக்கம் மட்டும்தான் அடிச்சிக்கிடுதான், மறுபக்கம் அடிக்கல” என்றார். வாயைத் திறக்க வைத்துப் பார்த்தேன், அதே பக்கக் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை, ஈறு வீங்கிச் சீழ். பல்லைச் சரிசெய்த வாரமே அடிப்பது நின்றது.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளை திடீரென்று மாறினாலும் முதலில் உடம்பைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். “ஆட்டிசம்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று எந்த டாக்டர் சொன்னாலும், நான் சொன்னாலும், “காது, பல், வயிறு ஒரு தடவை பாருங்க சார்” என்று சொல்லுங்கள். மூன்று நாள் வயிறு போகாவிட்டால் இந்தப் பிள்ளைகள் தலையை முட்டுவார்கள், நமக்கு அது கோபமாகத் தெரியும். நாலு வகை உணவு மட்டும் சாப்பிடுகிற பிள்ளைக்கு ரத்தசோகை வரும். கண் நிலைகுத்திச் சில நொடி உறைந்து நின்றாலோ, திடீர் திடீரென்று உடம்பு வெட்டினாலோ வீடியோ எடுத்துக் காட்டுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட வலிப்பு அதிகம்.

பல் டாக்டரிடம் போவதற்கு வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு நாள் சும்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டில் டார்ச் அடித்து ‘ஆ’ காட்டுகிற விளையாட்டு விளையாடுங்கள். எங்கே போனாலும் முதல் டோக்கன் கேளுங்கள். காத்திருக்கும் அறையில்தான் பாதிப் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். ரிசப்ஷனில் “பையனுக்கு ஆட்டிசம், சத்தம் தாங்க மாட்டான், நாங்க வெளியே மரத்தடியில் நிக்கிறோம், எங்க நம்பர் வந்தா போன் பண்ணுங்க” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் செய்கிறார்கள். நாம் கேட்பதில்லை.

சரி, சென்னை. போகாதீர்கள் என்பதுதான் என் பதில். அங்கே வாடகைக்கே உங்கள் பதினோராயிரம் போய்விடும். மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. மாமியாரும் நாத்தனாரும் திண்ணையும் ரயிலும் இருக்காது. முழுநேரமும் நீங்கள் ஒருவரே அவனோடு அடைந்து கிடப்பீர்கள். வயலை விற்ற காசு இரண்டு வருடத்தில் தீரும். அதற்குப் பதில் வருடத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. முழு மதிப்பீடும் அங்கேயே ஆகிவிடும். வேலூர் சிஎம்சியில், பாகாயத்தில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து தங்கிச் சில வாரம் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கணவர் லீவில் வரும்போது மூன்று பேரும் போய்த் தங்கினால், அவரும் போன் திரையில் பார்க்காமல் நேரில் கற்றுக்கொள்வார். அதுவரை தினமும் அவர் கூப்பிடுகிற நேரத்தை மகனின் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு டப்பாவைத் திறக்கும்போது “தா” என்று அவரும் சொல்லட்டும்.

வாரத்தில் ஒரு மதியம் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தூங்குங்கள். இது மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய வரிதான், எழுதியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா என்று கூப்பிடுவானா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. ஐந்து, ஆறு வயதில் பேச்சு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வார்த்தையோடு நின்றவர்கள் உண்டு, படம் காட்டியும் டேப்லெட்டைத் தட்டியும் பேசுகிறவர்கள் உண்டு. படம் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தடுப்பதில்லை.

ஆனால் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். எட்டாத பொருளை எடுக்க உங்கள் கையைப் பிடித்து இழுப்பது ஒன்று. அதில் உங்கள் கை அவனுக்கு ஒரு கருவி. ரயில் வரும்போது அவன் தனியாகவே வாசலுக்கு ஓடலாம், நீங்கள் இல்லாமலே அது தெரியும். இருந்தும் உள்ளே வந்து உங்களை இழுத்துக்கொண்டு போகிறான். இந்த வாரம் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரயில் கடக்கும்போது ரயிலையே பார்த்துக்கொண்டிருக்கிறானா, நடுவில் ஒரு தடவை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பார்த்தால் தேதி போட்டு எழுதி, அந்த ஒற்றைத் தாளில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஆறு இடத்து ஃபைலிலும் அது இருக்காது என்று நினைக்கிறேன்.